மின்சாரச் சாமான்களில் பித்தளை: வாங்குமுன் அறிய வேண்டியவை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காகக் கடையை மூட ஆயத்தமாகிக் கொண்டிருந்த நேரத்தில், புது வீடு கட்டும் தம்பி ஒருவர் வந்தார். கையில் இரண்டு பிளக் பேஸ். இரண்டும் 13 அம்பியர், இரண்டும் வெள்ளை நிறம். மேசையில் வைத்துவிட்டு, "நானா, ரெண்டுலயும் உள்ளுக்கு மஞ்சளாத்தான் இரிக்கி. ஒன்டு மத்ததுட அரைவாசி விலை. ஏன்?" என்று கேட்டார். பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிவிட்டதால் அவருக்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னேரம் வந்தவரிடம் அரை மணி நேரம் பேசினேன். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டுமல்ல, மின்சாரச் சாமான் வாங்கி விற்கும் சிறு கடைக்காரர்களுக்கும் இது உதவும்.

பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம் என்று பாடசாலையில் படித்திருப்போம். பாடம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் சந்தையில் பித்தளை என்று ஒரு உலோகம் கிடையாது. அது ஒரு குடும்பம். நாகம் நூற்றுக்கு 5 பங்கு சேர்ந்தாலும் பித்தளைதான், 40 பங்கு சேர்ந்தாலும் பித்தளைதான். முன்னையது சிவந்து செம்பைப் போலவே இருக்கும். பின்னையது நல்ல மஞ்சள். மின்சாரச் சாமான்களில் நாம் அதிகம் காண்பது மூன்று வகை: 70க்கு 30, 63க்கு 37, பிறகு 58 பங்கு செம்போடு 2 அல்லது 3 பங்கு ஈயமும் சேர்த்து மிகுதிக்கு நாகம் இட்டது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்னைப் போல நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கும் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். மின்சாரம் கடத்துவதில் செம்புதான் சிறந்தது என்றால், பிளக்கின் முள்ளை ஏன் செம்பில் செய்வதில்லை? பித்தளை நல்ல கடத்தி என்பதால்தான் அதைப் போடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 1913ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி, பதப்படுத்திய செம்பின் கடத்தும் திறனை 100 என்று வைத்து மற்ற உலோகங்களை அதோடு ஒப்பிட ஓர் அளவுகோலை வகுத்தன. அந்தக் கணக்கில் அலுமினியம் 61. செம்பில் வெறும் 5 பங்கு நாகம் கலந்தவுடனேயே அது 56க்கு விழுந்துவிடுகிறது. 10 பங்கு கலந்தால் 44. 30 பங்கில் 28. அதற்குப் பிறகு பெரிதாக விழுவதில்லை. 37 பங்கிலும் 26, 27 என்றே நிற்கும். அதாவது நம் பிளக்கில் இருக்கும் பித்தளை, செம்பு கடத்துவதில் நாலில் ஒரு பங்கைத்தான் கடத்துகிறது. அலுமினியத்தின் பாதி கூட இல்லை.

அப்படியானால் அது சூடாகிவிடாதா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நமது 13 அம்பியர் சதுர முள் பிளக்கில் மின்சாரம் போகும் முள் 6.35 மில்லிமீற்றர் அகலம், 4 மில்லிமீற்றர் தடிப்பு. பெருக்கினால் ஏறக்குறைய 25 சதுர மில்லிமீற்றர். அதில் நாலில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 6 சதுர மில்லிமீற்றர் செம்புக்குச் சமம். அந்த பிளக்கில் மாட்டியிருக்கும் கேத்தலின் வயரோ 1 அல்லது 1.25 சதுர மில்லிமீற்றர்தான். எனவே முள் பித்தளையாக இருப்பதால் ஒரு நட்டமும் இல்லை. அது வயரை விட எவ்வளவோ பெரிய பாதை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொன்னால், இரும்பு முள்ளே போட்டாலும் வெறும் கடத்தல் கணக்கில் அது வயரை விட அதிகமாகத்தான் வரும். பின் ஏன் இரும்பு முள் ஆபத்து என்கிறோம் என்பதைக் கீழே சொல்கிறேன். சூடு பிறப்பது முள்ளுக்குள் அல்ல. முள்ளும் கவ்வும் தொடும் இடத்திலும், வயரை ஸ்குரூ அமர்த்தும் இடத்திலும்தான்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையைத் தடையால் பெருக்கினால் சூட்டின் அளவு வொட்டில் கிடைக்கும். 13 அம்பியர் என்றால் 13ஐ 13ஆல் பெருக்க 169. தொடும் இடத்தின் தடை ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு என்றால் 1.7 வொட் சூடு. கை வைத்தால் இலேசாகத் தெரியும், அவ்வளவுதான். அதே தடை பத்தில் ஒரு பங்காக உயர்ந்தால் 17 வொட். சிறிய சோல்டரிங் அயன் ஒன்றின் சூடு அது. அதை பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு நாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இனிப் பித்தளைக்கு வருவோம். சுத்தச் செம்பு மிருதுவானது. அதில் ஸ்குரூவுக்கு மரை வெட்டினால் நாலு தடவை இறுக்கியதும் மரை தேய்ந்துவிடும். லேத்தில் பிடித்துக் கடைந்தால் உளியோடு ஒட்டிக்கொண்டு நீள நீளமாகச் சுருண்டு வரும். பித்தளை கடினமானது, மரை பிடிக்கும், துருப்பிடிக்காது, அதோடு விலையும் குறைவு. ஈயம் சேர்ந்த பித்தளையோ லேத்காரர்களின் செல்லப்பிள்ளை. ஈயம் பித்தளையில் கரைவதில்லை. நுண்ணிய துளிகளாக உள்ளே சிதறிக் கிடக்கும். உளி பட்டதும் சீவல் அந்த இடங்களில் முறிந்து தூளாகக் கொட்டிவிடும். அதனால் இயந்திரம் நிற்காமல் ஓடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான ஸ்குரூவும் டேர்மினலும் வெட்டலாம். மற்ற செம்புக் கலப்புலோகங்களைக் கடைவது எவ்வளவு இலகு என்று அளப்பதற்கே இந்த ஈயப் பித்தளையை 100 என்று வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் 2006 முதல் மின்சாரச் சாமான்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தபோதும் செம்புக் கலப்புலோகங்களில் 4 சதவீதம் வரை விட்டுவைத்தார்கள். அதற்கு ஈடான ஒன்று இலேசில் கிடைக்கவில்லை.

ஆனால் இதே ஈயப் பித்தளையைத் தகடாக வளைத்துப் பாருங்கள், வெடித்துவிடும். ஆகவே ஒரு நல்ல பிளக் பேஸைக் கழற்றினால் அதற்குள் இரண்டு வகைப் பித்தளை இருக்கும். வயர் அமர்த்தும் கட்டையும் ஸ்குரூவும் ரொட்டிலிருந்து கடைந்த ஈயப் பித்தளை. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் தகடு, ஈயம் சேராத 63க்கு 37 அல்லது 70க்கு 30. குளிராக உருட்டி விறைப்பேற்றிய தகட்டிலிருந்து அடித்து வளைத்தது. உயர்ந்த ரகங்களில் அந்தக் கவ்வை பொஸ்பர் புரோன்ஸில் செய்வார்கள். அது செம்பும் வெள்ளீயமும் சிறிது பொஸ்பரசும் சேர்ந்தது. கடத்தும் திறன் 15தான். பித்தளையை விடவும் குறைவு. என்றாலும் ஸ்பிரிங் போல விறைத்து நிற்பதில் அதைப் பித்தளையால் வெல்ல முடியாது.

தம்பி கொண்டு வந்த இரண்டு பேஸுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருந்தது. விலை கூடியதன் கவ்வு தடித்த தகடு. முள்ளைத் தள்ளும்போது கைக்கு எதிர்ப்புத் தெரியும். மலிவானதன் கவ்வு விரலால் அமர்த்தினாலே மடங்கும் மெல்லிய தகடு. அதுவும் பித்தளைதான், பொய் இல்லை. ஆனால் பித்தளைக்கு ஒரு குணம் உண்டு: தொடர்ந்து சூடு பட்டால் அதன் விறைப்புத் தளர்ந்துவிடும். 100 பாகை செல்சியஸ் கூடத் தேவையில்லை, அதற்குச் சற்றுக் கீழேயே இது தொடங்கிவிடுகிறது. கவ்வு தளர்ந்தால் தொடும் இடத்தின் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் கவ்வு இன்னும் தளரும். ஆரம்பத்தில் ஒரு மஞ்சள் கறை, பிறகு பழுப்பு, பிறகு ஒரு நாள் மீன் கருகுவது போன்ற ஒரு மணம். வயரிங் பாஸ்மாருக்கு இந்த மணம் நன்றாகத் தெரியும்.

இப்போது இரும்பு முள்ளின் கதைக்கு வருகிறேன். இது என் சொந்த நட்டக் கதை. 1998ஆம் ஆண்டு, மொத்த வியாபாரி ஒருவரிடம் 13 அம்பியர் பிளக் டொப் இரண்டு குரோஸ் எடுத்தேன். வழமையான விலையில் பாதி. முள் தங்கம் போல ஜொலித்தது. அந்த ஜொலிப்பிலேயே நான் யோசித்திருக்க வேண்டும். நல்ல பித்தளை முள் இவ்வளவு பளபளப்பாக வருவதில்லை. ஆறு வாரத்தில் இருநூறுக்கு மேல் விற்றுவிட்டேன். மழைக்காலம் தொடங்கியது. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்த ஒருவர் தன் அயனின் பிளக்கைக் கொண்டு வந்தார். ஒரு பக்கம் உருகி, முள் சாய்ந்து, முள்ளின் அடியில் செந்துரு. தைக்கக் கொடுத்திருந்த கல்யாணத் துணிகள் மேசையில் இருந்த நேரம் புகை வந்ததாம். அல்லாஹ்வின் காவல், பக்கத்தில் ஆள் இருந்தது. நான் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு ஒன்றை முள்ளில் வைத்தேன். டக் என்று ஒட்டிக்கொண்டது. இரும்பின் மேல் பித்தளை முலாம்.

முலாம் தலைமுடியை விட மெல்லியது. பத்து நாள் குத்திக் கழற்றும்போதே தேய்ந்துவிடும். கீழே தெரியும் இரும்பு நமது ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். துரு மின்சாரத்தைக் கடத்தாது. அது கவ்வுக்கும் முள்ளுக்கும் இடையில் தூள் போல நின்று தடையைக் கூட்டுகிறது. இரும்பு முள்ளின் ஆபத்து இதுதான். பித்தளையும் காற்றில் கறுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் படலம் மெல்லியது. ஒவ்வொரு தடவை குத்தும்போதும் உரசிக் கழன்று புது உலோகம் தொடும்.

மொத்த வியாபாரியிடம் போனேன். விற்ற சாமானுக்குப் பேச்சில்லை என்றார். கடைக்கு முன்னால் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தேன். எழுபது எண்பதுதான் திரும்பி வந்தது. மிகுதி எந்தெந்த வீட்டுச் சுவரில் இருந்ததோ, அந்த மழைக்காலம் முழுவதும் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. என் வாப்பா பழைய பித்தளைச் சாமான் வாங்கி விற்றவர். எதையும் முதலில் சீமெந்துத் தரையில் தட்டி ஓசை கேட்பார், பிறகுதான் விலை பேசுவார். பித்தலாட்டம் என்ற சொல்லே பித்தளையைப் பொன் என்று விற்றதிலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் காலத்தில் பித்தளையையே போலி செய்கிறார்கள்.

அன்றிலிருந்து என் மேசையில் காந்தம் இருக்கிறது. ஆனால் காந்தத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதைப் பிறகு படித்துக்கொண்டேன். நாகத்தை அச்சில் வார்த்து அதன் மேல் பித்தளை முலாம் பூசிய சாமான்களும் வருகின்றன. நாகத்தில் காந்தம் ஒட்டாது, பரீட்சையில் தேறிவிடும். இதை எடையில் பிடிக்கலாம். பித்தளை ஒரு கன சென்ரிமீற்றர் எட்டரைக் கிராம் அளவில் நிறுக்கும். நாக வார்ப்பு 6.6, 6.7தான். ஒரே அளவு கேபிள் கிளான்ட் இரண்டைக் கையில் தூக்கினால் ஐந்தில் ஒரு பங்கு இலேசு என்பது தெரிந்துவிடும். இன்னும் சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் சிறிய அரத்தால் இரண்டு இழுப்பு. பித்தளை உள்ளேயும் மஞ்சள். நாகமும் இரும்பும் வெள்ளை, சாம்பல். பித்தளை உருக 900 பாகைக்குக் கிட்டப் போக வேண்டும்; நாக வார்ப்பு 400 பாகைக்கு முன்னமே இளகிவிடும். தீப்பற்றும் நேரத்தில் இந்த வித்தியாசம் பெரியது.

நல்ல பித்தளையே வாங்கினாலும் அதற்கு ஆகாத இடங்கள் உண்டு. முதலாவது அமோனியா. பிரித்தானிய இராணுவம் இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலங்களில் துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கூடுகள் தானாகவே வெடித்துக் கிடந்தன. ரவைகள் வைத்திருந்தது குதிரை லாயங்களை ஒட்டி. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் விளக்கமாகத் தெரிய வந்தது. அடித்து வளைத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். அமோனியாவும் ஈரமும் சேரும்போது அந்த இறுக்கத்தின் வழியே வெடிக்கிறது. நமக்கு இப்போது குதிரை லாயம் இல்லை. ஆனால் கோழிப் பண்ணை இருக்கிறது, மாட்டுத் தொழுவம் இருக்கிறது, களுத்துறை, கேகாலைப் பக்கங்களில் இறப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா கலக்கும் நிலையங்கள் இருக்கின்றன. கோழிக் கூட்டில் போடும் பல்ப் ஹோல்டர் ஒரு வருடத்தில் கையோடு உதிர்ந்து வந்தால் கடைக்காரரை ஏச வேண்டாம். அங்கே பிளக்கையும் ஹோல்டரையும் காற்றுப் புகாத பெட்டிக்குள் போட வேண்டும், அல்லது பண்ணைக்கு வெளியே சுவரில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, உப்பு. பேருவளை, புத்தளம், காத்தான்குடி போன்ற கரையோர ஊர்களில் புவித்தொடுப்புக் கம்பியில் பூட்டிய பித்தளைக் கவ்வைச் சில வருடம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் சிவந்து, பஞ்சு போலாகி, ஸ்பேனர் வைத்ததும் பொடியாகும். உப்பு நீர் அதிலிருந்த நாகத்தை மட்டும் தின்றுவிட்டுச் செம்பை விட்டுப் போயிருக்கிறது. நாகம் கூடிய பித்தளையில் இது அதிகம். நாகம் கரைவதைத் தடுக்க மிகச் சிறிய அளவு ஆசனிக் சேர்த்த பித்தளை உண்டு. அது கிடைக்காவிட்டால் கரையோரத்தில் புவித்தொடுப்புக் கவ்வை மண்ணுக்குள் புதைக்காமல், பார்த்துச் சோதிக்கக்கூடியதாக ஒரு சிறு குழிப்பெட்டிக்குள் வைப்பது நல்லது. புவித்தொடுப்பு அறுந்தது, உயிர் போகும் வரை தெரியாது.

சுவிட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிட்சின் தகடு பித்தளை என்றாலும் தொடும் நுனியில் ஒரு சிறு வெள்ளிப் பொட்டு இருக்கும். போட்டு நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கும். வெறும் பித்தளை அந்தப் பொறியில் வெந்து குழி விழும், வெள்ளி தாங்கும். மலிவுச் சுவிட்சில் அந்தப் பொட்டு மெல்லிய பூச்சாக மாறியிருக்கும். அலுமினியக் கம்பியை நேரே பித்தளை டேர்மினலில் அமர்த்துவதும் தவறு. ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் இணைப்பியைக் கேட்டு வாங்க வேண்டும்.

விலையைப் பேசாமல் வர்த்தகப் பக்கத்தை முடிக்க முடியாது. பித்தளையின் விலை என்பது அதிலுள்ள செம்பின் விலை. லண்டன் உலோகச் சந்தையில் 2003இல் ஒரு தொன் செம்பு 2,000 டொலருக்குக் கீழே இருந்தது. 2006 மே மாதம் 8,000ஐத் தாண்டியது. 2024 மே மாதம் 10,000ஐயும் தாண்டியது. நாகம் பெரும்பாலான ஆண்டுகளில் செம்பின் விலையில் பாதிக்கும் கீழே. ஆகவே செம்பு ஏறும் ஒவ்வொரு தடவையும் சாமான் செய்பவருக்கு மூன்று வழி: விலையைக் கூட்டலாம், நாகத்தைக் கூட்டலாம், தகட்டை மெல்லியதாக்கலாம். முதலாவதைச் செய்கிறவர் குறைவு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய நேரத்தில் என் கடைக்கு வந்த மாதிரிகளில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஒரே பெட்டி, ஒரே பெயர், உள்ளே கவ்வு மட்டும் மெலிந்திருந்தது.

ஒரு வரம்பு இருக்கிறது. வீட்டுப் பிளக்குகளுக்கான ஐஈசி 60884 என்ற சர்வதேசத் தரம், மின்சாரம் போகும் பாகங்கள் கலப்புலோகமாக இருந்தால், குளிராக அடித்து உருவாக்கியவற்றில் நூற்றுக்கு 58 பங்காவது செம்பு இருக்க வேண்டும், மற்றவற்றில் 50 பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. இறக்குமதி செய்யும் சகோதரர்கள் விலைப்பட்டியலோடு செம்பின் அளவைக் காட்டும் சோதனைப் பத்திரத்தையும் கேளுங்கள். தரத் தயக்கமானால் அதுவே ஒரு பதில்தான்.

பித்தளைப் பாகங்கள் வரும் இடங்களில் பெரிய ஒன்று குஜராத்தின் ஜாம்நகர். நம் மேமன் சகோதரர்களின் முன்னோர் வந்த அதே கத்தியவார்ப் பகுதிதான். ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள். டேர்மினல், கிளான்ட், ஹோல்டர் முள் என்று ஊரே பித்தளை கடைகிறது. மூலப்பொருள் பெரும்பாலும் உலகெங்கிலிருந்தும் வரும் பழைய பித்தளை. அந்த வியாபாரத்தில் ஒவ்வொரு ரகப் பழசுக்கும் ஒரு சங்கேதப் பெயர் உண்டு. மஞ்சள் பித்தளைக்குப் பெயர் 'ஹனி', அதாவது தேன். பழசை உருக்கிச் செய்வதில் குற்றமில்லை. சோதித்துச் செம்பைச் சரிக்கட்டும் பட்டறையும் உண்டு, வந்ததை வந்தபடி வார்க்கும் பட்டறையும் உண்டு. இரும்பும் மற்ற உலோகங்களும் கண்டபடி கலந்துவிட்டால் ஸ்குரூவை இறுக்கும்போதே தலை முறியும்.

தம்பி கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். முழு வீட்டுக்கும் விலை கூடியதைப் போட அவரிடம் வசதி இல்லை. கேத்தல், அயன், குளிர்சாதனப் பெட்டி, வாசிங் மெசின் வரும் ஆறு இடங்களுக்கு நல்லதை எடுத்தார். போன் சார்ஜரும் மேசை விளக்கும் மாட்டும் அறைகளுக்கு நடுத்தரமானது போதும் என்றேன். அங்கே அரை அம்பியர் கூடப் போகாது. அந்த அரைவாசி விலைச் சாமானை அவர் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கப் போனார். போகுமுன் என் காந்தத்தை ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டார்.